சொன்னது லேட்டா, செய்தது லேட்டா?

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சாரம் இதுதான்:

"ஐயா, என்னிடம் 2016 மாடல் டீசல் கார் இருக்கிறது. 6 கியர் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வெர்டர் வகை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கொஞ்ச மாதமாக கியர் லேட்டாக விழுகிறது. முன்பெல்லாம் மெதுவாக மிதித்தால் 2,000 ஆர்பிஎம்முக்குள் அடுத்த கியருக்குப் போய்விடும். இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக 2,800 வரை எஞ்சின் கத்துகிறது. காலையில்தான் அதிகம். மதியம் டவுன் நெரிசலில் ஓட்டும்போது கொஞ்சம் பரவாயில்லை. மைலேஜ் 15-லிருந்து 12-க்கு வந்துவிட்டது. சித்திரை மாதம் குடும்பத்தோடு வால்பாறை ஏறும்போது வண்டி சூடாகி நின்றுவிட்டது. ஊர் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழுவி, ஏதோ வால்வை எடுத்துவிட்டார். அப்புறம் சூடாவதில்லை. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர், மெஷின் வைத்து ஆயிலை ஃப்ளஷ் செய்தால் போதும் என்கிறார். பிரிக்கலாமா, இல்லை இப்படியே விற்றுவிடலாமா?"

அன்புள்ள நண்பருக்கு,

கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள். ஃப்ளஷும் இப்போது வேண்டாம். முதலில் கீழே சொல்வதைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது கியர் பற்றிய வரிகளில் இல்லை. "ஏதோ வால்வை எடுத்துவிட்டார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். வண்டி சூடாகிறது என்று போனால் நம் ஊரில் எடுத்துப் போடுகிற வால்வு ஒன்றுதான், தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும் வரை கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடிவைத்திருப்பது அதுதான். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லித் தூக்கி எறிந்த வால்வுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்பாசடர் காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது. அந்த வண்டியில் கியர் போடுவது டிரைவரின் கை. எஞ்சின் குளிர்ந்து கிடந்தாலும் கை தன் பாட்டுக்குக் கியர் மாற்றிவிடும். உங்கள் வண்டியில் கியர் மாற்றுவது கம்ப்யூட்டர். அது எஞ்சின் எவ்வளவு சூடு என்று கேட்டுக்கொண்டுதான் முடிவெடுக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் யாரும் உங்களை 1,80,000 ரூபாய்க்குப் பயமுறுத்த முடியாது.

பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியில் ஒரு தட்டு இருக்கும். அது எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்தே வண்டி எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். டீசலில் அப்படி ஒரு தட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. காற்று தாராளமாகப் போகும், டீசலின் அளவுதான் கூடிக் குறையும். அதனால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், எஞ்சின் கம்ப்யூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது: ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம் மிதிபட்டிருக்கிறது, எஞ்சின் இப்போது எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) தருகிறது, கூலன்ட் எத்தனை டிகிரி. தன் பங்குக்கு கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டையும் சக்கர வேகத்தையும் பார்க்கிறது. இவ்வளவையும் சேர்த்து, "இப்போது மூன்றாவது கியர்" என்று சோலனாய்டு வால்வுகளுக்கு, அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகளுக்கு, கட்டளை போகிறது. அவை ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிட, உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் பிடித்துக்கொள்கின்றன.

ஆக, கியர் லேட்டாவதற்கு இரண்டு இடம் உண்டு. கட்டளையே லேட்டாக வரலாம். அல்லது கட்டளை சரியான நேரத்துக்கு வந்தும் அதைச் செய்ய வேண்டிய கிளட்ச் லேட்டாகப் பிடிக்கலாம். சொன்னது லேட்டா, செய்தது லேட்டா என்று தெரியாமல் கியர்பாக்ஸைப் பிரிப்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் வயிற்றைக் கிழிப்பது மாதிரி.

இதைப் பிரித்தறிய ஸ்கேனர் வேண்டும். நல்ல ஸ்கேனரில் லைவ் டேட்டா பக்கத்தில் கம்ப்யூட்டர் கேட்ட கியர் எது, உண்மையில் ஓடும் கியர் எது என்று இரண்டும் தெரியும். வண்டியை ஓட்டிக்கொண்டே ஒருவர் அதைப் பார்க்க வேண்டும். 2,000-லேயே மூன்று என்று கேட்டுவிட்டு, கியர் 2,800-ல் விழுந்தால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்: ஆயில் குறைவு, வால்வு பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் இருக்கும் பகுதி), சோலனாய்டு, தேய்ந்த கிளட்ச் என்று போகும். 2,800 வரை இரண்டு என்றே கேட்டுக்கொண்டிருந்தால் கியர்பாக்ஸ் சொன்னபடி நடக்கிறது, அதற்குப் போகும் தகவலில்தான் கோளாறு. உங்களுக்கு மதிப்பீடு போட்ட ஒர்க்‌ஷாப் இந்தச் சோதனையைச் செய்ததா? அவர்களிடம் இதை மட்டும் கேளுங்கள். "ஓட்டிப் பார்த்தோம் சார்" என்பது பதில் ஆகாது.

ஸ்கேனர் இல்லாமலே உங்கள் காதும் கொஞ்சம் சொல்லும். கிளட்ச் வழுக்கினால், ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போகும் அந்த நொடியில் ஆர்பிஎம் திடீரென்று எகிறும், வண்டி முன்னேறாது, அப்புறம் ஒரு வெட்டு வெட்டிப் பிடிக்கும். கியரை விட்டே விடாமல் பிடித்துவைத்திருந்தால் ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏறும், எஞ்சின் கத்தும், ஆனால் வண்டி இழுத்துக்கொண்டே போகும், பிறகு அடுத்த கியர் பிசிறில்லாமல் விழும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. வெட்டு விழுவதாகவோ, டி போட்டால் வண்டி நகர யோசிப்பதாகவோ நீங்கள் எழுதவில்லை. பி-யிலிருந்து டி-க்குப் போட்டால் ஒன்று, ஒன்றரை விநாடிக்குள் பிடிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால் நான் சொல்வதெல்லாம் மாறும்.

சரி, தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே கியரை லேட்டாக்கும். எஞ்சின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுப்பது டார்க் கன்வெர்டர். அதற்குள் இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்சையும் அப்போது பூட்டாது. காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் எந்த நல்ல வண்டியும் இப்படித்தான் ஓடும். எஞ்சின் 80, 85 டிகிரியைத் தொட்டதும் வழக்கமான இடத்தில் கியர் விழ ஆரம்பிக்கும்.

தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை. ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்து கூலன்ட் ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் காலை ஆறு மணிக்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க, 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 60, 65 டிகிரியிலேயே நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு அது முடிவே இல்லாத காலைப்பொழுது. "இன்னும் சூடேறவில்லை" என்று கியரைப் பிடித்துவைத்துக்கொண்டே போகும். டவுன் நெரிசலில் காற்று குறைந்து எஞ்சின் கொஞ்சம் சூடானதும் தேவலை ஆகும். மதியம் டவுனில் பரவாயில்லை என்று நீங்கள் எழுதியதும் இதோடு பொருந்துகிறது. கியர்பாக்ஸ் தேய்மானமாக இருந்தால் நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கும். ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் வழுக்கல் கூடும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிரவைப்பதும் சூடேற்றுவதும் எஞ்சின் கூலன்ட்தான். கூலன்ட் சூடாகவில்லை என்றால் கியர்பாக்ஸ் ஆயிலும் சூடாகாது. இரண்டு பக்கமும் குளிர் என்றே தகவல் போகும். லாக்கப் பூட்டாததால் டார்க் கன்வெர்டரில் வீணாகும் சக்தி, தேவைக்கு மேல் சுற்றும் எஞ்சின், குளிர்ந்த எஞ்சினுக்காகக் கூடுதலாகப் போகும் டீசல், எல்லாம் சேர்ந்து மைலேஜைத் தின்றுவிடும். உங்கள் 3 கி.மீ. அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைச் சோதிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த ரப்பர் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் பல நிமிடம் அந்தக் குழாய் குளிர்ந்தே இருக்கும், பிறகு வால்வு திறந்ததும் சட்டென்று சூடாகும். வால்வு இல்லையென்றால், அல்லது திறந்தபடி சிக்கியிருந்தால், முதலிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டே வரும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும், அப்போது கீழ்க்குழாயைப் பாருங்கள். அப்புறம் டெம்பரேச்சர் முள். நெடுஞ்சாலையில் இறங்கி, சிக்னலில் ஏறினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் முள் நடுவில் அசையாமல் நின்றால் அதை முழுசாக நம்பாதீர்கள். பல வண்டிகளில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் நடுவிலேயே நிறுத்தும்படி முள்ளை அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் போனில் சரியான டிகிரி தெரியும். பி0128 என்ற கோட் பதிவாகியிருந்தால் எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். கோட் இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வால்வு இல்லை என்று உறுதியானால் உங்கள் எஞ்சினுக்கு உரிய டிகிரியில் திறக்கும் ஒரிஜினல் தெர்மோஸ்டாட்டை கேஸ்கெட்டோடு போடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இது சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை.

ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு அடுத்த விடுமுறைக்கு வால்பாறை கிளம்பிவிடாதீர்கள். சித்திரையில் வண்டி ஏன் சூடானது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, குடும்பம், லக்கேஜ், ஏசி, சின்ன கியரில் மெதுவான ஏற்றம். கூலிங்கில் எங்கே சிறு குறை இருந்தாலும் அங்கே வெளிப்பட்டுவிடும். ரேடியேட்டரைக் கழுவினார் என்கிறீர்கள், வெளியிலா உள்ளேயா? ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்திருக்கும் தூசியும் பூச்சியும் வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் போகாது. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். ஃபேன் இரண்டு வேகத்திலும் சுற்றுகிறதா, ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை நின்றுபோகும் அளவுக்குச் சூடான எஞ்சின் என்பதால், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) கசிகிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். ரிசர்வ் டேங்கில் குமிழி வருவது, கூலன்ட் காரணமில்லாமல் குறைவது அதற்கு அடையாளம்.

வால்வை எடுத்தால் கூலிங் கூடும் என்ற நம்பிக்கையும் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் மறுமுனை ஒரு குறுக்கு வழியை மூடும். வால்வே இல்லையென்றால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சமவெளியில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும், மலையேறும்போது மறுபடி சூடாகும். உங்கள் மெக்கானிக்கின் மேல் கோபப்பட வேண்டாம். நடுவழியில் நின்ற குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பிவைக்க அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். அந்த அவசர வேலை நிரந்தர வேலையாக நின்றுபோனதுதான் சிக்கல்.

ஒருவேளை தெர்மோஸ்டாட் நல்லபடியாக இருக்கிறது, எஞ்சின் 88 டிகிரியில் ஓடுகிறது, அப்போதும் கியர் லேட் என்றால்? அடுத்து ஆக்சிலரேட்டர் சதவீதத்தைப் பாருங்கள். அதே ஓபிடி கருவியில் தெரியும். 15, 20 சதவீதம் மட்டுமே மிதித்து, சமதளத்தில், கியர் 2,800 வரை போனால் அது ஒரு கதை, மேலே சொன்ன ஸ்கேனர் சோதனைக்குத்தான் போக வேண்டும். 40 சதவீதம் மிதித்துக்கொண்டிருந்தால் வேறு கதை. எஞ்சினில் இழுவை குறைந்துபோனதை உங்கள் கால் தனக்கே தெரியாமல் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு மிதித்தால் "இவருக்கு வேகம் வேண்டும் போலிருக்கிறது" என்று கியர்பாக்ஸ் லேட்டாகத்தான் மாற்றும். அது செய்வது சரிதான்.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், திருப்பூரிலிருந்து வந்த ஒரு டீசல் ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் கோளாறு என்று வேறு இரண்டு பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் நம்பி இறக்கினேன். உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் எல்லாம் புதிது மாதிரி இருந்தன. திரும்பப் பூட்டிய பிறகும் அதே லேட். கடைசியில் பார்த்தால், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளாம்புக்கு அடியில் ஒரு கீறல். நின்றபடி பார்த்தால் தெரியாது. பாரம் ஏறி அழுத்தம் வந்தால்தான் வாய் திறக்கும், காற்று கசிந்து எஞ்சினில் இழுவை குறையும். அந்த வாடிக்கையாளரிடம் கியர்பாக்ஸ் கூலி வாங்கவில்லை என்றாலும் பத்து நாள் அவர் வண்டியில்லாமல் அலைந்தார். அன்றிலிருந்து காற்றுக் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்காமல் எந்த டீசல் வண்டியின் கியர்பாக்ஸையும் நான் தொடுவதில்லை. கிளாம்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு புதிதாக ஈரமாக இருந்தால் அங்கே கசிவு என்று சந்தேகிக்கலாம். மேனிஃபோல்ட் அழுத்தம், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், உடுமலை உயரத்தில் ஐடிலில் 97 கிலோபாஸ்கல் அளவில் ஓபிடி கருவியில் காட்டும். நன்றாக மிதித்து ஏற்றும்போது அது 200-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் குழாய், டர்போ, ஏர் ஃபில்டர் பக்கம் தேடுங்கள். பி0299 என்ற கோட் வந்தாலும் அதையேதான் சொல்கிறது. காற்றின் அளவைப் பார்க்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காவது, புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்குவது, மாற்றாமல் விட்ட டீசல் ஃபில்டர், பிடித்தபடி நிற்கும் பிரேக், அளவு மாற்றிப் போட்ட டயர், இவையும் இதே வேலையைச் செய்யும்.

மலையில் மட்டும் லேட்டானால் பயப்படாதீர்கள். ஏற்றத்தைக் கண்டால் கியரைப் பிடித்துவைப்பது கம்ப்யூட்டரின் வழக்கம். ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றும் மெலிசு. ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சாதாரண காரணம் உண்டு: புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் சில வண்டிகள் கியரைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்கும், பத்து இருபது நிமிடத்தில் சரியாகிவிடும். ஏஎம்டி வண்டிக்காரர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மேனுவல் கியர்பாக்ஸின் மேல் ஒரு இயந்திரக் கை வைத்த மாதிரி, அதன் கோளாறுகள் வேறு.

இனி கியர்பாக்ஸ் ஆயில் விஷயம். 92,000 கி.மீ. ஓடிய, முந்தைய சரித்திரம் தெரியாத வண்டிக்கு ஆயில் மாற்றுவது நல்லதுதான். "வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்படும் கியர்பாக்ஸுக்கும் இது பொருந்தும். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஆனால் மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதை நான் விரும்புவதில்லை. படிந்துகிடக்கும் துகளைக் கிளப்பி வால்வு பாடிக்குள் அனுப்பிவிடும் என்பது என் பயம். வடித்துவிட்டு, வடிந்த அளவுக்குப் புதிது ஊற்றி, ஆயிரம் கி.மீ. ஓட்டி, மறுபடி அதையே செய்வது நிதானமான வழி. உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த கிரேடு என்று போட்டிருக்கிறதோ அதே கிரேடு வேண்டும். பொதுவான ஆயில் என்று எதையாவது ஊற்றினால் அதுவே கியர் லேட்டாகப் புதுக் காரணம் ஆகும். அளவு பார்ப்பது சமதளத்தில், எஞ்சின் ஓடும்போது, ஆயில் கையேட்டில் சொன்ன சூட்டில் இருக்கும்போது. எஞ்சினே சூடேறாத வண்டியில் அந்த அளவையும் சரியாகப் பார்க்க முடியாது. அதனால்தான் தெர்மோஸ்டாட்டை முதலில் சொன்னேன். வடியும் ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் வயது. கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலன்டும் ஆயிலும் கலந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருக்கும் பழைய அளவுகளை அழிக்கும் அடாப்டேஷன் ரீசெட்டை, காரணத்தைச் சரிசெய்த பிறகு மட்டும் செய்யச் சொல்லுங்கள். முதலிலேயே செய்தால் கொஞ்ச நாள் நன்றாக ஓடுவது போல் காட்டி, கோளாறை மறைத்துவிடும். ரீசெட் செய்த பின் நெரிசல், நெடுஞ்சாலை இரண்டிலும் நிதானமாக ஓட்டிக் கொடுத்தால் கியர்பாக்ஸ் மறுபடி கற்றுக்கொள்ளும்.

விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குறையோடு விற்றால் வாங்குபவர் "கியர்பாக்ஸ் கம்ப்ளெயின்ட்" என்று சொல்லி அந்த 1,80,000-ஐ உங்கள் விலையில் கழிப்பார். தெர்மோஸ்டாட்டைப் போட்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். மறுபடி எழுதுவதாக இருந்தால் மூன்று அளவுகளைக் குறித்து அனுப்புங்கள்: அரை மணி நேரம் ஓட்டிய பிறகு கூலன்ட் எத்தனை டிகிரி, சமதளத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆக்சிலரேட்டர் எத்தனை சதவீதம், அப்போது ஆர்பிஎம் எவ்வளவு. போனை நீங்கள் பார்க்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கச் சொல்லுங்கள்.